வெயிலுக்குப் பிறந்த பூக்கள்

அமெரிக்கப் புல்வெளியின் ஊதாக் கூம்புப் பூவை மொட்டை மாடியில் பூக்க வைக்க ஆசைப்படுகிறார்கள் ஹைதராபாத்தின் தோட்டப் பிரியர்கள். அந்த நகரத்தின் சொந்த வெயில் பூவோ நிற்க இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

பதுகம்மா பண்டிகையின் கடைசி நாளுக்கு முந்தின இரவு, ஹைதராபாத் மெஹ்திப்பட்டணத்தை ஒட்டிய குடிமல்காபூர் பூ மார்க்கெட்டில் கால் வைக்க இடமிருக்காது. செண்டுமல்லி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சாமந்தி மலை மலையாகக் குவியும். இவற்றுக்கு நடுவே, ரோஜாவின் மிடுக்கோ மல்லிகையின் மணமோ இல்லாத ஒரு மஞ்சள் பூ, இலையும் காம்புமாகக் கட்டுக் கட்டாக விலை போகும். தெலுங்கில் அதன் பெயர் தங்கேடு. நமக்குத் தெரிந்த பெயர் ஆவாரம்பூ. பக்கத்திலேயே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கதிர் விட்ட குனுகு. நம் ஊர்க் கடலைக் காட்டில் களையாக முளைக்குமே, அந்தப் பண்ணைக்கீரையின் பூதான்.

இரண்டும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பூக்களே அல்ல. பண்டிகை நாட்களில் வீட்டு ஆண்களும் பையன்களும் விடியற்காலையில் ஊர் எல்லைக்குப் போவார்கள். பாறை இடுக்கிலும் வயல் வரப்பிலும் பூத்துக் கிடப்பதைக் கூடை நிறையப் பறித்து வருவார்கள். தெலங்கானா கிராமங்களில் இன்றும் அப்படித்தான். ஹைதராபாத்தில் ஊர் எல்லை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. அதனால் சுற்று மாவட்டங்களிலிருந்து வண்டி ஏறி வருகிறது தங்கேடு.

அதே நகரத்தில் வேறொரு தேடலும் நடக்கிறது. இன்டர்நெட்டில் ஆர்டர் செய்த விதைப் பொட்டலத்தோடு மொட்டை மாடிக்கு ஏறுகிறார் ஒரு தோட்டப் பிரியர். பொட்டலத்தின் மேல் வண்ணப் படம்: ஊதா இதழ்கள், நடுவில் செப்பு நிறத்தில் நிமிர்ந்த ஒரு கூம்பு. முழு வெயில் வேண்டும், பல ஆண்டு வாழும், முழங்கால் உயரம்தான் வளரும் என்கிறது குறிப்பு. முழு வெயிலா? ஹைதராபாத்தில் அதற்கா பஞ்சம்?

வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெயில் மட்டும் போதாது என்பதில்தான் இந்தப் பூவின் கதை தொடங்குகிறது.

முள்ளெலியின் பெயர்

எக்கினேசியா பர்ப்யூரியா என்பது அதன் தாவரவியல் பெயர். ஆங்கிலத்தில் பர்ப்பிள் கோன்ஃப்ளவர். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தாயகம் அமெரிக்காவின் கிழக்கு, மத்தியப் பகுதிகள். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் 1753-ல் இதை ருட்பெக்கியா வகையறாவில் சேர்த்தார். ஜெர்மனியின் கொன்ராட் மென்ஷ் 1794-ல் தனியாகப் பிரித்துப் புதிதாகப் பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் எக்கினோஸ் என்றால் முள்ளெலி. நடுக் கூம்பைத் தடவிப் பார்த்தவர்கள் பெயர்ப் பொருத்தத்தை மறுக்க மாட்டார்கள்.

நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் ஒரு பூக்கூட்டம். கூம்பு முழுக்க நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். அவை விளிம்பில் தொடங்கி நடு நோக்கி வரிசையாக விரிவதால், தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பல நாள் விருந்து. பூ வாடிய பிறகு கூம்பில் விதை நிற்கும். அது பறவைகளின் பங்கு.

காட்டில் வளரும் செடி 3, 4 அடிகூட உயரும். காற்றில் சாயும். சிறிய தோட்டத்துக்கும் தொட்டிக்கும் இது ஒத்துவராது. அதனால் குட்டை ரகங்களுக்கு மவுசு கூடியது. 'கிம்ஸ் நீ ஹை' என்ற ரகத்தின் பெயரிலேயே முழங்கால் உயரம் என்ற பொருள் இருக்கிறது. 'பவ்வவ் வைல்டு பெர்ரி' 2010-ல் அமெரிக்காவின் ஆல்-அமெரிக்கா செலக்ஷன்ஸ் விருது பெற்றது. உயரம் ஏறக்குறைய 2 அடிக்குள். கிளை விட்டுப் பூப்பது இதன் சிறப்பு. விதைத்த முதல் ஆண்டிலேயே பூக்கும் என்பது அதைவிடப் பெரிய சிறப்பு. பொதுவாகக் கூம்புப் பூ முதல் ஆண்டு வேரையும் இலையையும் வளர்த்துக்கொண்டு இரண்டாம் ஆண்டில்தான் பூவைக் காட்டும்.

இந்தப் பூ உலகம் சுற்றியதற்கு அழகு மட்டும் காரணமல்ல. இதன் நெருங்கிய உறவுச் செடியின் வேரை அமெரிக்கப் பூர்வகுடிகள் பல்வலிக்கும் விஷக்கடிக்கும் பயன்படுத்தினார்கள். 1930-களின் கடைசியில் ஜெர்மனியின் கெர்ஹார்டு மடாவுஸ் அந்த மருந்துச் செடியைத் தேடி அமெரிக்கா போய் விதை வாங்கி வந்தார். விதைத்துப் பார்த்தால் முளைத்தது வேறு இனம், அதாவது நம் ஊதாக் கூம்புப் பூ. அவர் அதையே வைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஐரோப்பிய மருந்துக் கடைகளில் எக்கினேசியா இடம் பிடித்தது இப்படித்தான். ஜலதோஷத்தை இது விரட்டும் என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. விதை வாங்குவோருக்கு மடாவுஸ் கதையில் ஒரு பாடம் உண்டு: பொட்டலத்தின் மேல் உள்ள படம் உத்தரவாதம் அல்ல.

குறைவது குளிரும் பகலும்

ஹைதராபாத் மொட்டை மாடியில் இது ஏன் தடுமாறுகிறது? மூன்று காரணங்கள்.

முதலாவது, குளிர். மிசௌரி, ஒஹையோ போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் மண்ணே உறையும். அப்போது கூம்புப் பூவின் மேல்பகுதி முழுக்கக் கருகிவிடும். வேர் மட்டும் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும். பல ஆண்டு வாழ்வதன் ரகசியமே அந்த உறக்கம்தான். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உள்ள ஹைதராபாத்தில் டிசம்பர் இரவுகள் சென்னையைவிடச் சிலுசிலுப்பானவை. ஸ்வெட்டர் தேவைப்படும். ஆனால் இந்தச் செடியைத் தூங்க வைக்கும் குளிர் அதுவல்ல.

இரண்டாவது, பகல் நீளம். கூம்புப் பூ காலண்டர் பார்க்காமல் பகலை அளந்து மொட்டு வைக்கும் செடி. ஏறக்குறைய 14 மணி நேரப் பகல் அதற்கு மிகவும் பிடித்தமானது. அதன் சொந்த ஊரில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தொடும். ஹைதராபாத் 17 டிகிரி அட்சரேகைக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைச் சில நிமிடங்கள்தான் தாண்டும். டிசம்பரில் 11 மணி நேரமாகச் சுருங்கும். இலை செழிப்பாக இருக்கிறது, பூவைத்தான் காணோம் என்று ஏமாறுபவர்கள் உரத்தைக் குறை சொல்வார்கள். குறை உரத்தில் இருப்பதில்லை.

மூன்றாவது, மழை. ஹைதராபாத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும் பங்கு ஜூன் முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வறட்சியைத் தாங்கும் கூம்புப் பூவால் தேங்கிய நீரைத் தாங்க முடியாது. வெதுவெதுப்பான ஈர மண்ணில் அதன் வேர்த்தலை அழுகும். ஏப்ரல், மே வெயிலில் 40 டிகிரியைத் தாண்டிச் சூடேறும் கான்கிரீட் தளம் இன்னொரு சோதனை.

அதற்காக முயற்சியைக் கைவிட வேண்டியதில்லை. நம் பருவத்துக்கு ஏற்ப முறையை மாற்ற வேண்டும். குட்டை ரக விதையை ஈரத்துணியிலோ ஈர மணலிலோ வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 3, 4 வாரம் குளிர வைத்தால் முளைப்பு சீராகும். மழை ஓயும் அக்டோபரில் விதைக்கலாம். இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கும். செம்மண், ஆற்று மணல், மட்கிய உரம் மூன்றும் கலந்த, தண்ணீர் ஊற்றியதும் அடியில் வடிந்துவிடும் கலவை தேவை. தொட்டி 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதிக உரம் வேண்டாம். கொழுத்த செடி சாயும்.

ஜனவரியில் செடி நன்றாக இலை விட்ட பிறகு, மாலை இருட்டத் தொடங்கும்போது ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்கை மூன்று மணி நேரம் செடிக்கு மேலே எரிய விட்டால், செடியைப் பொறுத்தவரை பகல் 14 மணி நேரமாகிவிடும். சாமந்தி விவசாயிகள் பூக்கும் காலத்தைத் தள்ளிப்போட விளக்கெரிக்கும் அதே தந்திரம்தான், நோக்கம் மட்டும் எதிர்த் திசையில். எல்லாம் கூடி வந்தால் பிப்ரவரி, மார்ச்சில் ஊதாக் கூம்பு தலைகாட்டும். மே மாதம் பிற்பகல் நிழல் கொடுத்து, மழைக்காலத்தில் கூரைக்கு அடியில் நகர்த்தினால் அடுத்த ஆண்டையும் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பல ஆண்டுச் செடி என்ற வாக்குறுதியை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஹைதராபாத்தில் இதை ஒரு பருவத்துச் செடியாகவே வைத்துக்கொள்வது உத்தமம்.

இன்னொரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து விதை வரவழைப்பது கடையில் மிட்டாய் வாங்குவது போல் அல்ல. 2003-ம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் வேண்டும். 2020-ல் யாரும் கேட்காமலேயே மர்ம விதைப் பொட்டலங்கள் பல நாடுகளில் தபாலில் வந்து சேர்ந்தபோது, இந்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விடுத்தது. உள்நாட்டில் முறையாக விற்கும் விதையே பாதுகாப்பானது.

வந்தவர்களில் இரண்டு வகை

கூம்புப் பூ அமெரிக்காக்காரி என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. பதுகம்மாத் தட்டில் அடுக்கடுக்காக ஏறும் செண்டுமல்லியின் பூர்வீகம் மெக்சிகோ. சாமந்தியின் பூர்வீகம் சீனா. ஐரோப்பியர் கப்பலில் வந்த செண்டுமல்லி இல்லாமல் இன்று தெலங்கானாவில் ஒரு தோரணம் கிடையாது. இந்த வெயிலும் மண்ணும் அவளுக்கு ஒத்துப்போயின. விருந்தாளி வீட்டுக்காரியாகிவிட்டாள்.

கூம்புப் பூவுக்குப் பதிலாக அதே தோற்றத்தில் ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு கெய்லார்டியா இருக்கிறது. அதுவும் அமெரிக்காவைச் சேர்ந்த சூரியகாந்திக் குடும்பம்தான். சிவப்பும் மஞ்சளும் கலந்த இதழ், நடுவில் மேடு. ஒன்றரை அடி உயரம். குளிரும் கேட்காது, நீண்ட பகலும் கேட்காது. வாடிய தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் மாதக் கணக்கில் பூக்கும்.

அதே குடும்பத்தில் வேறு மாதிரியான விருந்தாளியும் உண்டு. 1950-களில் புனேயில் கண்ணில் பட்ட பார்த்தீனியம், தக்காணம் முழுவதையும் வளைத்துப்போட்டது. கிளறிப்போட்ட காலி மனை எதுவாக இருந்தாலும் முதலில் குடியேறுவது அதுதான். அதன் மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். தொட்டால் தோல் அரிக்கும். தெலுங்குக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் வய்யாரிபாமா. ஒய்யாரமாக அசைந்தாடும் பாமா என்று பொருள். தங்கேடு நின்ற இடத்தில் இப்போது பாமா ஆடுகிறாள்.

சங்கத்திலும் தோல் ஷாப்பிலும்

தெலங்கானா மாநிலம் 2014 ஜூன் 2-ல் பிறந்தபோது, பதுகம்மா மாநிலப் பண்டிகையானது. தங்கேடு மாநிலப் பூவானது. தாமரையையோ ரோஜாவையோ தேடிப் போகாமல், தரிசில் தானாகப் பூப்பதைத் தேர்ந்தெடுத்தது ஒரு அரசியல் அறிவிப்பும்கூட: மழை குறைந்த, கல் நிறைந்த இந்த மண்ணுக்குச் சொந்த அழகு உண்டு.

பதுகு என்றால் வாழ்வு. மகாளய அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாள், பெண்கள் தாம்பாளத்தில் பூக்களைக் கோபுரமாக அடுக்குவார்கள். தங்கேடும் குனுகும் அதில் முதல் மரியாதை பெறும் பூக்கள். வெளிறிய குனுகுக் கதிரின் நுனியைச் சாயத்தில் தோய்த்து நிறம் கூட்டுவார்கள். உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரி. கோபுரத்தை நடுவில் வைத்துச் சுற்றி வந்து கைதட்டிப் பாடி, கடைசியில் குளத்தில் விடுவார்கள். கோயில் கருவறையும் புரோகிதரும் தேவைப்படாத பண்டிகை. தேவைப்படுபவை இரண்டுதான்: வயல்வெளிப் பூவும் நீர் நிறைந்த குளமும்.

ஹைதராபாத் தமிழர்களுக்கு இந்தப் பூவோடு பழைய உறவு. 1806-ல் உருவான செகந்திராபாத் கன்டோன்மென்ட்டோடு மெட்ராஸ் படைப்பிரிவுகளும் வியாபாரிகளுமாக வந்த தமிழர்கள், பின்னர் ரயில்வேக்கும் அலுவலகங்களுக்குமாக வந்தவர்கள், பத்மராவ் நகர், மாரேட்பள்ளி என்று வேரூன்றினார்கள். பத்மராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலே அதற்குச் சாட்சி. அவர்களுடைய சொந்த ஊரில், போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்து வீட்டு முகப்பில் காப்புக் கட்டுவது இதே ஆவாரம்பூவைத்தான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் ஆவிரை ஒன்று. காதலில் தோற்று மடலேறும் சங்க காலத் தலைவன் சூடிக்கொள்வதும் ஆவிரைதான்.

சந்தை மதிப்பும் இருந்தது. ஆவாரம்பட்டையில் உள்ள துவர்ப்பொருள்தான் தென்னிந்தியத் தோல் ஷாப்புகளில் வெகுகாலம் தோலைப் பதப்படுத்தியது. வாட்டில் மரப்பட்டை வந்து அந்த இடத்தைப் பிடிக்கும் வரை, மெட்ராஸிலிருந்து கப்பலேறிய தோலுக்குப் பின்னால் இந்தப் புதர் இருந்தது. இப்போது ஆவாரம்பூ டீ என்ற பெயரில் பாக்கெட்டில் வருகிறது. சர்க்கரை நோய்க்காரர்கள் அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

தேனீக்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் உப்பு டப்பாவில் அடைத்த மாதிரி. மகரந்தப்பையின் நுனியில் சிறு துளை. கருவண்டு போலிருக்கும் தச்சுத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்துச் சிறகுத் தசையை அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். பூக்கும் புதர் அருகே காலையில் நின்றால் அந்த ரீங்காரத்தைக் காதால் கேட்கலாம். வெளிர் மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகள் சில இந்த வகைச் செடிகளின் இலையில்தான் முட்டையிடும். கூம்புப் பூ தேன் தரும், ஆனால் நம் புழுவுக்கு இலைச் சோறு போடாது.

காஞ்சா எங்கே போனது?

தக்காணத்தில் காஞ்சா என்றொரு சொல் உண்டு. பாறையும் புல்லும் புதருமாகக் கிடக்கும் மேய்ச்சல் நிலம். தங்கேடின் வீடு அதுதான். வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு. ரியல் எஸ்டேட் கணக்கில் காலி மனை.

1998-ல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபோது சுற்றிலும் பாறைகளும் புதர்களும்தான். பிறகு நகரம் மேற்கே ஓடியது. கச்சிபௌலி, கோகாபேட்டை என்று கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. 250 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட் பாறைகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை நகரத்துக்குப் புது எல்லை போட்டது. அந்தச் சாலையோரப் பசுமைக்காக 2022-ல் ஹைதராபாத்துக்கு உலகப் பசுமை நகர விருது கிடைத்தது. நட்டு, நீர் ஊற்றி, வெட்டிச் சீராக்கிய பசுமை அது. பாராட்டுக்குரியதுதான். ஆனால் யாரும் நடாமலே இருந்த பசுமைக்கு விருது தர யாருமில்லை.

2025 மார்ச்சில் அது பெரும் சண்டையாக வெடித்தது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியில் 400 ஏக்கரை ஐ.டி. வளாகங்களுக்காகச் சமப்படுத்த புல்டோசர்கள் இறங்கின. நிலம் தனக்குச் சொந்தம் என்றது மாநில அரசு. மாணவர்கள் போராடினார்கள். ஏப்ரல் 3-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னது. காடா தரிசா என்பது அந்த வாதத்தின் மையம். தங்கேடு பூக்கும் நிலத்துக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பதுதான் உண்மையில் கேட்கப்பட்ட கேள்வி.

பூ போன வழியில் குளமும் போனது. ஏரிகளின் நகரம் என்று பெயரெடுத்த ஹைதராபாத்தில் நீர்நிலைகள் தூர்ந்து மனைகளாயின. 2020 அக்டோபர் மழையில் வீதிகள் ஆறானபோது நகரம் அதற்கு விலை கொடுத்தது. ஆம்பர்பேட்டையில் பதுகம்மா குண்ட்டா என்ற குளம் பெயரளவில் மட்டும் மிஞ்சியிருந்தது. புதரும் குப்பையும் மூடிய அந்த இடத்தை, 2024-ல் அமைக்கப்பட்ட ஹைட்ரா என்ற அரசு அமைப்பு தோண்டத் தொடங்கியதும், 2025 பிப்ரவரியில் தண்ணீர் ஊறி வந்தது. எஞ்சியிருந்த சுமார் 5 ஏக்கரில் குளம் மீட்கப்பட்டு, அதே ஆண்டு பதுகம்மா நாட்களில் திறக்கப்பட்டது. பூவை விட இப்போது அங்கே நீர் இருக்கிறது.

இடம் கொடுத்தால் போதும்

பறிக்கப் பூ? அதற்கு மாடியிலும் காம்பவுண்டுச் சுவரோரத்திலும் வழி இருக்கிறது. பொட்டலத்தில் கூம்புப் பூவுக்குப் போட்ட நிபந்தனைகளைத் திரும்பப் படியுங்கள்: முழு வெயில், பல ஆண்டு ஆயுள், குறைந்த நீர். தங்கேடு மூன்றிலும் தேறுகிறது. குளிர் கேட்காது, விளக்கு கேட்காது.

ஒரே குறை, விதையின் தோல் கடினம். நெற்றிலிருந்து எடுத்த விதையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊற விட வேண்டும். மறுநாள் உப்பியவற்றை மட்டும் விதைக்கலாம். ஆழமாக ஆணிவேர் விடும் செடி என்பதால் இடம் மாற்றினால் முரண்டு பிடிக்கும். நிற்கப்போகும் இடத்திலேயோ உயரமான பையிலேயோ நேரடியாக விதைப்பது நல்லது. காலம், ஜூன், ஜூலை. தொட்டியென்றால் 16 அங்குல ஆழம். மண் கலவையில் பாதிக்கு மேல் செம்மண்ணும் சரளையும் இருக்கட்டும். தொழு உரம் ஒரு கைப்பிடி போதும். வேர் பிடித்த பிறகு, மேல் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். நாள் தவறாமல் நீர் ஊற்றினால் இலை மண்டும், பூ குறையும்.

குட்டையாக வைத்திருக்கக் கத்தரிக்கோலே போதும். பூக்காலம் முடிந்ததும் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் பக்கக் கிளைகள் பெருகும். செடி இடுப்பு உயரத்துக்கு மேல் போகாது. நூலில் விடாமல் காற்றுக்கு விட்டால் இரண்டு ஆள் உயரமும் போகும்.

அதன் காலடியில் ஜூனில் ஒரு சிட்டிகை குனுகு விதை தூவலாம். மிளகுச் சாந்து போல் கறுத்த, மினுங்கும் பொடி விதை அது. ஓராண்டுச் செடிதான், ஆனால் ஒரு முறை விட்டால் தானே விதை உதிர்த்து அடுத்த மழைக்கு மறுபடி வரும். இளம் இலையைக் கீரையாகக் கடையலாம். வயல்களில் களைக்கொல்லி தெளிப்பு கூடிய பிறகு குனுகுக்கும் புகலிடம் தேவைப்படுகிறது. முன்வரிசையில் கெய்லார்டியா, ஓரத்தில் செண்டுமல்லி. ஆசைப்பட்ட அந்த ஊதாக் கூம்புப் பூவுக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை காலை வெயில் விழும் மூலையில் ஒரு தொட்டி. அதுவும் இருக்கட்டும். தோட்டம் என்றால் விருந்தாளிக்கும் ஒரு நாற்காலி வேண்டும்தானே.

எல்லோருக்கும் தங்கேடு தொட்டி வைத்தால் காஞ்சா திரும்பி வந்துவிடாது. 400 ஏக்கருக்கு 16 அங்குலத் தொட்டி ஈடாகாது. ஆனால் பண்டிகைக்கு மறுநாள் மறந்துபோகும் செடியை ஆண்டு முழுவதும் கண்ணெதிரே வைத்திருப்பவர்கள், அது நிற்கும் நிலத்தைத் தரிசு என்று கையெழுத்துப் போடும்போது கேள்வி கேட்பார்கள்.

பத்மராவ் நகரில் மாடித் தோட்டம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு யோசனை. ஆவாரஞ்செடியைக் கத்தரிக்க அவசரப்பட வேண்டாம். புரட்டாசியில் முதல் பூப்பறிப்பு, பதுகம்மா அடுக்கும் அடுத்த வீட்டு அம்மாவுக்கு. மிச்சம் இருக்கும் கொத்து, மார்கழி கடைசியில் சொந்த வாசலில் காப்புக் கட்ட. பொங்கல் முடிந்த பிறகு கத்தரிக்கோலை எடுக்கலாம். தை மாத வெயிலில் அது மறுபடி தளிர்த்துக்கொள்ளும்.